எழுமாற்றாகத் தெரிதலும் எழுமாற்றாக ஒதுக்கலும்: புள்ளிவிபரவியல் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வணிகப் புள்ளிவிபரவியல் கற்கும் உயர்தர மாணவர்களும் பல்கலைக்கழக முதலாம் வருட மாணவர்களும் செய்துகொண்டுவரும் செயற்றிட்டங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் கணிப்புப் பிழைகள் மிகக் குறைவு. இடை சரியாக இருக்கும். நியம விலகலும் சரியாக இருக்கும். பிழை அதற்கு முன்னரே, தரவு கைக்கு வந்து சேர்ந்த விதத்திலேயே நேர்ந்திருக்கும். சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்று, எதிர்ப்பட்டவர்களில் முகம் கொடுத்துப் பேசிய நூறு பேரிடம் வினாக்கொத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு, “கொழும்பில் வாழும் தமிழர்களில் இத்தனை சதவீதத்தினர்” என்று முடிவு எழுதப்பட்டிருக்கும். அந்த நூறு பேர் கொழும்புத் தமிழர்களுக்காகப் பேசவில்லை. அந்த நேரத்தில் கடைத்தெருவுக்கு வந்தவர்களுக்காகவும், அந்நியரிடம் நின்று பேச நேரமும் மனமும் உள்ளவர்களுக்காகவும் மட்டுமே பேசினார்கள். எந்தச் சூத்திரத்தாலும் பின்னர் அதைத் திருத்த முடியாது.

ஓர் ஆய்வில் குலுக்கல் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஆய்வுக்குள் யார் வருவது என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கல் ஒன்று. வந்தவர்களுள் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் குலுக்கல் மற்றது. முதலாவதை எழுமாற்றுத் தெரிவு என்றும், இரண்டாவதை எழுமாற்று ஒதுக்கீடு என்றும் அழைக்கிறோம். முதலாவது, மாதிரியில் (ஆய்வுக்குத் தெரிந்தெடுத்தவர்களில்) கண்டதை முழுக் குடித்தொகைக்கும் (யாரைப் பற்றி ஆராய்கிறோமோ அவர்கள் அனைவருக்கும்) விரித்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. இரண்டாவது, “இதனால்தான் இது நிகழ்ந்தது” என்று காரணம் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் உரிமையை எடுத்துக்கொள்வதே தொடக்கநிலையில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு. ஆகவே இந்த வழிகாட்டி அவ்விரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது.

முதலில் குடித்தொகையும் சட்டகமும்

வினாவை எழுதியவுடன், அதற்குக் கீழே “யாரைப் பற்றி?” என்பதற்கான விடையை ஒரே வசனத்தில் எழுதுங்கள். பாடசாலை ஒன்றின் தமிழ்மொழி மூல மாணவர்கள் 720 பேர் காலையில் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தை அறிய விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 720 பேரே குடித்தொகை. புள்ளிவிபரவியலில் இச்சொல் மக்கள்தொகையை மட்டும் குறிப்பதில்லை. ஒரு நாள் உற்பத்தியான மின்குமிழ்களும் ஒரு குடித்தொகைதான்.

அடுத்ததாக, குடித்தொகையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு முறை மட்டும் இடம்பெறும் பட்டியல் ஒன்று வேண்டும். அதுவே மாதிரிச் சட்டகம். பாடசாலைக்கு வகுப்பு வரவிடாப்புகள் போதும். விலகிப் போனவர்களின் பெயர்களை நீக்கி, புதிதாகச் சேர்ந்தவர்களைச் சேர்த்தால் சட்டகம் தயார். வீடுகளை ஆராயப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவின் வாக்காளர் இடாப்பைச் சட்டகமாகக் கொள்ளலாம் என்று பலரும் நினைப்பார்கள். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் வாடகை அறைகளிலும் குடியிருப்பவர்களில், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள சொந்த வீட்டு முகவரியிலேயே வாக்குப் பதிவை வைத்திருப்பவர்கள் உண்டு. இடாப்பைப் பின்பற்றினால், அவ்வாறு வாடகைக்கு இருப்போர் மாதிரிக்குள் வரவே மாட்டார்கள். வாடகைச் சுமையைப் பற்றிய ஆய்வாக அது இருந்தால், கேட்க வேண்டியவர்களைத்தான் அது தவறவிடுகிறது.

சட்டகக் குறைபாடு எவ்வளவு பெரிய மாதிரியையும் வீழ்த்தும் என்பதற்கு 1936 ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இன்றுவரை எடுத்துக்காட்டாக நிற்கிறது. லிற்றரரி டைஜெஸ்ட் என்ற சஞ்சிகை தொலைபேசி விபரக்கொத்துகளையும் மோட்டார் வாகன உரிமையாளர் பட்டியல்களையும் கொண்டு ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பொருளாதார மந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் வசதியுள்ளோராக இருந்ததும், பதில் அனுப்பியோர் அனுப்பாதோரிடமிருந்து வேறுபட்டிருந்ததும் சேர்ந்தே அந்தப் பிழையை உண்டாக்கின.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் உண்டு. 1981க்குப் பின்னர் முழுத் தீவையும் உள்ளடக்கிய தொகைமதிப்பு 2012இலேயே நடந்தது. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நிறைவேறியது. அந்த இடைக்காலத்தில் வடக்கும் கிழக்கும் விடுபட்ட அட்டவணைகள் “இலங்கை” என்ற தலைப்பில் வெளிவந்ததுண்டு. அவற்றின் அடிக்குறிப்பை வாசிக்காமல் எண்களை மேற்கோள் காட்டியவர்கள், தம்மை அறியாமலே தவறான குடித்தொகையைப் பற்றிப் பேசினார்கள்.

எளிய எழுமாற்று மாதிரி

720 பேருக்கும் 001 முதல் 720 வரை இலக்கமிடுங்கள். 72 பேரைத் தெரிய வேண்டுமெனில், எழுமாற்று எண் அட்டவணையில் ஏதேனும் ஓரிடத்தில் தொடங்கி, மூன்று மூன்று இலக்கங்களாக வாசித்துச் செல்லுங்கள். 000 வந்தாலும் 721 முதல் 999 வரையான எண் வந்தாலும் தள்ளிவிடுங்கள். ஏற்கெனவே வந்த எண் மீண்டும் வந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். சில மாணவர்கள், தள்ளிவிடுவது வீண் என்று எண்ணி, 720ஐ விடப் பெரிய எண்களிலிருந்து 720ஐக் கழித்துப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் 001 முதல் 279 வரையான இலக்கம் பெற்றவர்களுக்கு மற்றவர்களைப் போல இரு மடங்கு வாய்ப்புக் கிடைக்கிறது. வரவிடாப்பு தரம் 6இலிருந்து தொடங்கினால் மாதிரி முழுவதும் சிறுவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

கணினியில் செய்வது இன்னும் எளிது. எக்செல் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுமாற்று எண் ஒன்றை உருவாக்கி, அந்த நிரலின்படி வரிசைப்படுத்தி, முதல் 72 பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாளில் எதைத் தொட்டாலும் அவ்வெண்கள் புதிதாக மாறிவிடும் என்பதால், வரிசைப்படுத்துவதற்கு முன்னர் அவற்றை வெறும் பெறுமதிகளாக ஒட்டி நிலைநிறுத்திவிட வேண்டும். இல்லாவிடில் நீங்கள் தெரிந்த மாதிரியை மறுநாள் உங்களாலேயே மீண்டும் காட்ட முடியாது.

சீட்டெழுதிப் பெட்டியில் போட்டுக் குலுக்குவதும் தவறில்லை. ஆனால் நன்றாகக் குலுக்க வேண்டும். அது நினைப்பதைவிடக் கடினமானது. 1969 டிசெம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவில் வியட்நாம் போருக்கான கட்டாய இராணுவச் சேவையின் வரிசையைத் தீர்மானிக்க, வருடத்தின் 366 திகதிகளும் சிறு குளிகைகளில் இடப்பட்டுப் பொதுமக்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டன. மாத வரிசையில் பெட்டிக்குள் கொட்டப்பட்ட குளிகைகள் போதியளவு கலக்கப்படாததால், வருட இறுதி மாதங்களில் பிறந்தோரின் திகதிகள் அளவுக்கதிகமாக முன்கூட்டியே வெளிவந்தன. சீட்டுகளைத் தரம் வாரியாக அடுக்கிப் பெட்டியில் போட்டு இரண்டு தட்டுத் தட்டி எடுப்பவர்கள் அதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எதுவும் பார்க்காமல் “மனம்போன போக்கில்” பெயர்களைச் சுட்டுவது எழுமாற்றாகாது. மனிதக் கை ஒருபோதும் கோடாத (எப்பக்கமும் சாயாத) நாணயமல்ல. நல்ல மாணவர்களும், பேசக்கூடியவர்களும், ஏற்கெனவே தெரிந்தவர்களும் நம்மை அறியாமலே விரலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

படைகளும் கொத்துகளும்

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்ற பழமொழி பொய்யல்ல. கொதித்துப் புரண்ட பானையில் எல்லாச் சோறும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைப் பெற்றிருப்பதால் ஒன்றே போதுமாகிறது. தம் போட்ட புரியாணியில் அது செல்லாது. மேல்படையில் சோறும் கீழ்ப்படையில் இறைச்சியும் இருக்கும்போது, ஒவ்வொரு படையிலிருந்தும் கொஞ்சம் எடுத்தால்தான் தட்டு முழுச் சட்டியையும் காட்டும். படைகொண்ட எழுமாற்று மாதிரியின் கருத்து இவ்வளவுதான். ஒன்றுக்கொன்று வேறுபடும் பிரிவுகளாகக் குடித்தொகையை முதலில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனித்தனியே எளிய எழுமாற்று மாதிரி எடுக்கிறோம்.

நமது 720 பேரில் தரம் 6 முதல் 9 வரை 400 பேரும், தரம் 10, 11இல் 200 பேரும், தரம் 12, 13இல் 120 பேரும் இருப்பதாகக் கொள்வோம். பத்துக்கு ஒருவர் வீதம் எடுத்தால் முறையே 40, 20, 12 பேர் வருவார்கள். ஆனால் உயர்தர மாணவர்களைப் பற்றித் தனியாகவும் சொல்ல விரும்பினால் 12 பேர் போதாது. அப்படையிலிருந்து மட்டும் 30 பேரை எடுக்கலாம். அவ்வாறு எடுத்தால், இறுதியில் 90 பேரின் நேரங்களையும் கூட்டி 90ஆல் வகுத்துவிடக் கூடாது. மூன்று படைகளின் இடைகளும் 30, 35, 60 நிமிடங்கள் எனில், நேரடியாக வகுக்கும்போது 41 நிமிடம் வரும். ஒவ்வோர் இடையையும் அந்தப் படையின் உண்மையான பருமனால், அதாவது 400, 200, 120ஆல் பெருக்கி, கூட்டுத்தொகையை 720ஆல் வகுத்தால் 36.4 நிமிடம் வரும். சரியான விடை பின்னையதே. தொலைவிலிருந்து வரும் உயர்தர மாணவர்களை நாமே வேண்டுமென்று அதிகமாக எடுத்தோம். அந்த அதிகத்தைக் கணக்கில் கழித்துவிடுவதற்கே இந்த நிறையிடல்.

கொத்து மாதிரி இதற்கு நேர்மாறானது. தலா 30 பேர் கொண்ட 24 வகுப்புகளில் மூன்றைக் குலுக்கி எடுத்து, அவ்வகுப்புகளிலுள்ள அனைவரையும் கேட்டுவிடுவது அது. படையில் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சிலரை எடுக்கிறோம். கொத்தில் சில பிரிவுகளிலிருந்து எல்லோரையும் எடுக்கிறோம். இரண்டையும் மாற்றி எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். கொத்து முறை உழைப்பை மிச்சப்படுத்தும். அதற்கு நாம் கொடுக்கும் விலை வினாவைப் பொறுத்தது. பயண நேரத்தைக் கேட்டால், மட்டக்குளியிலிருந்து வருபவரும் தெஹிவளையிலிருந்து வருபவரும் ஒரே வகுப்பில் இருப்பதால் இழப்புப் பெரிதல்ல. வீட்டுவேலைக்குச் செலவாகும் நேரத்தைக் கேட்டால், ஒரே வகுப்பினர் ஒரே ஆசிரியர்களின் வீட்டுவேலையைச் செய்பவர்கள். அந்த 90 பேரும் ஏறக்குறைய மூன்று விடைகளையே 90 தடவை சொல்லுவார்கள்.

பெரிய அளவீடுகள் இம்முறைகளை இணைத்தே பயன்படுத்துகின்றன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய வீட்டு வருமான செலவின அளவீட்டின் மாதிரி 25,000 வீட்டலகுகளைக் கொண்டது. மாவட்டங்களும், அவற்றினுள் நகர, கிராமிய, பெருந்தோட்டத் துறைகளும் படைகள். ஒவ்வொரு படையிலும் முதலில் தொகைமதிப்புக் கண்டங்கள் (தொகைமதிப்புக்காகப் பிரிக்கப்பட்ட சிறு பகுதிகள்) தெரியப்பட்டு, பின்னர் ஒவ்வொரு கண்டத்திலும் 10 வீட்டலகுகள் தெரியப்பட்டன. களவேலை 12 மாதங்களிலும் பரவி நடத்தப்படுவதற்கும் காரணம் உண்டு: சித்திரைப் புத்தாண்டு மாதச் செலவு வருடம் முழுவதற்கும் பொருந்தாது.

முறைமையான மாதிரி, அதாவது 1 முதல் 10க்குள் எழுமாற்றாக ஓர் எண்ணில் தொடங்கிப் பின்னர் ஒவ்வொரு பத்தாவது பெயரையும் எடுப்பது, எளிதும் பெரும்பாலும் நல்லதுமாகும். பட்டியலில் மறைந்திருக்கும் ஒழுங்கை மட்டும் கவனியுங்கள். மாடிக்கு நான்கு வீடுகள் கொண்ட தொடர்மாடியில் எட்டுக்கு ஒன்றாக எடுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரே மூலை வீடே அகப்படும். அது கடலைப் பார்த்த மூலையாக இருந்தால் உங்கள் வாடகைத் தரவு முழுவதும் உயர்ந்துவிடும்.

எத்தனை பேர் போதும் என்ற வினாவுக்கு ஒரு பருமட்டான விடை: எளிய எழுமாற்று மாதிரியில் ஆம், இல்லை என்று விடை வரும் வினாவுக்கு, 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் (இவ்வாறு எடுக்கும் நூறு மாதிரிகளில் ஏறத்தாழ 95இல் பொருந்தும் அளவில்), 100 பேர் எனில் வழு, அதாவது மாதிரியின் விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள், 400 எனில் 5, 1,600 எனில் 2.5. வழுவைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். குடித்தொகை மிகப் பெரிதாக இருக்கும்போது அதன் பருமன் இதை மாற்றுவதில்லை; கொழும்பு மாநகருக்கும் முழு இலங்கைக்கும் இதே எண்கள்தான்.

தெரிந்தெடுத்த வீட்டில் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கப்படவில்லையென்றால் பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். கதவு திறக்காத வீட்டார் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களாகவோ கோட்டையில் அலுவலகத்தில் இருப்பவர்களாகவோ இருக்கலாம். பகலில் திறக்கும் வீடுகளால் அவர்களை ஈடுசெய்தால், வேலைக்குப் போவோர் மாதிரியிலிருந்து மெல்ல மறைந்துவிடுவார்கள். மாலையிலும் போயா விடுமுறையிலும் மீண்டும் செல்லுங்கள். மூன்று முறை சென்றும் கிடைக்காதோரின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுங்கள்.

பரிசோதனைக்கு வருவோம்

ரியூசன் வகுப்புக்குப் போகும் மாணவர்கள் கூடிய புள்ளி பெறுகிறார்கள் என்று ஓர் அளவீடு காட்டலாம். குடித்தொகைக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வகுப்பினால்தான் புள்ளி கூடியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வகுப்புக்குப் போவோரின் வீட்டில் வருமானமும், படிக்கத் தனி மேசையும், பெற்றோரின் உந்துதலும் ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம். இவ்வாறு காரணத்தோடும் விளைவோடும் ஒருங்கே பிணைந்திருப்பவற்றைக் குழப்பும் மாறிகள் என்கிறோம். தெரிந்த மாறிகளை அளந்து சரிசெய்யலாம். தெரியாதவற்றை என்ன செய்வது? அதற்கான விடையே எழுமாற்று ஒதுக்கீடு. அது தெரிந்தவற்றையும் தெரியாதவற்றையும் இரு குழுக்களிலும் தற்செயலாகப் பரப்பிவிடுகிறது.

இந்தச் சிந்தனையை முறையாக வகுத்தவர் ஆர். ஏ. ஃபிஷர். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் பணியைத் தொடங்கிய அவர், வயல் பரிசோதனைகளைக் கொண்டே எழுமாற்றாக்கம், மீள்செய்கை (ஒரே பரிசோதனையைப் பல தடவை செய்தல்), தொகுதியாக்கம் (ஒத்தவற்றைச் சேர்த்து அவற்றுக்குள் ஒதுக்கல்) ஆகிய மூன்றையும் நிலைநிறுத்தினார். அங்கு அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த டி. ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, மலைநாட்டுத் தேயிலை வயல்களில் பரிசோதனை வழுக்களை ஆராய்ந்தார் என்பது நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஃபிஷரின் தேநீர்ப் பரிசோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பால்மாவில் போட்ட தேநீருக்கும் பசும்பாலில் போட்ட தேநீருக்கும் வித்தியாசம் தனக்குத் தெரியும் என்று அப்பம்மா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கோப்பைகள்; நான்கு ஒன்று, நான்கு மற்றது. அவை நான்கு நான்கு என்பதை அவருக்குச் சொல்லிவிடுங்கள். பரிமாறும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். கோப்பை, சீனி, சாயம், சூடு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பால்மாத் தேநீரை முதலில் ஊற்றி ஆறவிட்டால் அவர் சூட்டைக் கொண்டே கண்டுபிடிப்பார். பரிமாறுபவருக்கும் எது எதுவென்று தெரியாதிருப்பது நல்லது, முகக்குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும். எட்டில் நான்கைத் தெரியும் வழிகள் 70. ஆகவே எதுவும் தெரியாமல் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 70இல் 1, ஏறத்தாழ 1.4 சதவீதம். நான்கில் குறைந்தது மூன்று சரியாக வரும் நிகழ்தகவோ 70இல் 17, ஏறத்தாழ 24 சதவீதம். அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆறு கோப்பைகளோடு நிறுத்தினால், முழுவதும் சரியாகச் சொல்வதன் நிகழ்தகவே 20இல் 1 ஆகிவிடும். எத்தனை தடவை மீளச் செய்ய வேண்டும் என்பதை இவ்வாறு முன்கூட்டியே கணித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மாணவர்களிடம் வருவோம். குறிப்புகளைத் திரும்ப எழுதுவதா, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்ப்பதா கூடிய பயன் தரும் என்று அறிய 40 பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நாணயம் சுண்டினால் குழுக்கள் 25, 15 என்றும் பிரியக்கூடும். 20 சீட்டுகளில் ஒன்றையும் 20இல் மற்றதையும் எழுதிக் குலுக்குங்கள். இன்னும் நன்றாகச் செய்ய, சென்ற தவணைப் புள்ளியின் வரிசையில் இருவர் இருவராகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடிக்குள்ளும் யாருக்கு எது என்று நாணயம் சுண்டுங்கள். இதுவே தொகுதியாக்கம். படைகொண்ட மாதிரி தெரிவில் செய்யும் வேலையை இது ஒதுக்கீட்டில் செய்கிறது. விடைத்தாள் திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

இங்கே பலர் விழும் குழி ஒன்றுண்டு. 11ஏ வகுப்புக்கு ஒரு முறையும் 11பி வகுப்புக்கு மற்ற முறையும் கொடுத்துவிட்டு, 80 மாணவர்கள் பங்குபற்றினர் என்று எழுதுகிறார்கள். ஒதுக்கப்பட்டவை வகுப்புகள், ஆகவே பரிசோதனை அலகுகள் இரண்டுதான். ஆசிரியர், நேரசூசி, வகுப்பின் இயல்பு எல்லாம் முறையோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. எண்பது விடைத்தாள்களால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

இரக்கம்கூட ஒதுக்கீட்டைக் கெடுக்கலாம். 1930இல் ஸ்கொட்லாந்தின் லனார்க்‌ஷயர் பாடசாலைகளில் 10,000 சிறுவர்களுக்கு நாள்தோறும் பால் கொடுத்து, கொடுக்கப்படாத 10,000 பேரோடு அவர்களின் வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். குழுக்கள் சமமாக இல்லையென்று தோன்றினால் மாற்றிக்கொள்ளும் அனுமதி ஆசிரியர்களுக்கு இருந்தது. விளைவாக, கட்டுப்பாட்டுக் குழுவினர், அதாவது பால் கொடுக்கப்படாதோர், தொடக்கத்திலேயே நிறையிலும் உயரத்திலும் கூடியவர்களாக இருந்தார்கள். மெலிந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் குழுவுக்கு ஆசிரியர்கள் மாற்றியிருக்க வேண்டும் என்று “ஸ்ரூடன்ட்” என்ற புனைபெயரில் எழுதிய புள்ளிவிபரவியலாளர் கொசெற் 1931இல் சுட்டிக்காட்டினார். அந்த ஆசிரியர்களின் நெஞ்சைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்க விரும்பினால், பரிசோதனை முடிந்த பின்னர் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் கொடுப்பதாக முதலிலேயே உறுதி செய்துவிட்டு, சீட்டு விழுந்தபடியே விட்டுவிட வேண்டும். அதிபரின் அனுமதியையும் பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கும்போதே இதையும் எழுதிக் கொடுங்கள்.

முன்வந்த 40 பேரும் எழுமாற்றாகத் தெரியப்பட்டவர்கள் அல்லர் என்பதால், அவர்களில் கண்ட வித்தியாசத்துக்கு முறையே காரணம் என்று எழுதலாம்; இலங்கையின் உயர்தர மாணவர் அனைவருக்கும் அது பொருந்தும் என்று எழுத முடியாது. ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பரிசோதனைக்கு முன்னரே திகதியிட்டு, இன்னொருவரின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நால்வர் வினாத்தாள் செய்வதைக் கைவிட்டு மீண்டும் குறிப்பெழுதத் தொடங்கினால், அவர்களை மற்றக் குழுவுக்கு மாற்றாதீர்கள், நீக்கவும் வேண்டாம். இறுதிப் பரீட்சையை அவர்களும் எழுதட்டும். அவர்களின் புள்ளிகளை, சீட்டில் அவர்களுக்கு விழுந்த குழுவின் கீழேயே சேர்த்துக் கணியுங்கள்.